முதல் கழுதை

ஹவில்தார் பெத்தணன், கண்ணிவெடி புதைத்த ஒரு பனிமலைச் சரிவு வழியாக நாற்பது கோவேறு கழுதைகளை ஒற்றை ஆளாக நடத்திக் கூட்டி வந்தவர். ஒன்று குளம்பு வைத்த இடத்தில்தான் அடுத்தது குளம்பு வைத்தது. நாற்பதும் கடந்து போன பிறகு திரும்பிப் பார்த்தால், ஒரே ஒரு கழுதை போன தடம்தான் பனியில் இருந்ததாம். வழியில் ஒரு கழுதையும் கனைக்கவில்லை, விட்டை போடவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை. வாலை ஆட்டினால் காற்று கிளம்பும், காற்றில் வெடி கிளம்பும் என்று அவற்றுக்கே தெரிந்திருந்ததாம்.

ஆமத்தூரிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில் இந்தக் கதை வாரத்துக்கு இரண்டு நடை ஓடும். கேட்டவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வேலுத்தாய் மட்டும் ஆட்டவில்லை. பல்லி சத்தம் போட்டால் இன்னொரு பல்லியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவள் அவள்.

"நாப்பதா? போன வாரம் பன்னெண்டுன்னீக கொழுந்தனாரே."

"அது முத நடை மதினி. இது மொத்தம்."

"வழியிலேயே குட்டி போட்டுருக்கும் போல."

"கோவேறு கழுதை குட்டி போடாது மதினி."

"உங்க வாயில எதுவும் போடும்."

பெத்தணன் அவளுடைய புருஷனுக்குச் சித்தப்பா மகன். அந்த உரிமையில்தான் இந்தப் பேச்சு. அவர் அசரமாட்டார். முன்சீட்டிலிருந்து முழு உடம்பையும் திருப்பி உட்கார்ந்து கதையின் உச்சத்துக்கு வருவார்.

"இதுல சூட்சுமமே மொதக் கழுதைதான். வெடியெல்லாம் தாண்டி அங்கிட்டுப் புல்லப் பாத்ததும் அது ஓடப் பாக்கும். அது ஓடுனா, நடுவுல வந்துக்கிட்டு இருக்கிற அம்புட்டும் பின்னாலயே ஓடும். அதான், மொதக் கழுதையக் கரையேத்துன உடனே கட்டிப்போட்டேன்."

"எதுல கட்டுனீக? பனிமலையில மரமேது?"

"எம் பெல்ட்டுல."

"பெல்ட்ட எதுல கட்டுனீக?"

"எம் பல்லுல."

டிரைவர் சிரித்த சிரிப்பில் வேன் ரோட்டை விட்டு இறங்கி ஒரு வேலிக்கருவையை விசாரித்துவிட்டு மேலேறியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் பாண்டிச்செல்வி. வேலுத்தாயின் தங்கை மகள். வீட்டில் நடை பழகுகிற பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள்.

"அப்ப அந்த நாள் பூராவும் நீங்க வாயே தொறக்கலயா சித்தப்பா?"

"பல்லுல பெல்ட்டு இருக்கே தாயி, எப்பிடித் தொறக்க?"

"அப்பக் கண்டிப்பாப் பொய்யிதான்" என்று தீர்ப்பு எழுதினாள் வேலுத்தாய்.

பட்டாளத்தில் பெத்தணனுக்குக் கண்ணிவெடி எடுக்கிற வேலை என்பது மட்டும் நிஜம். அதற்குச் சர்க்கார் கொடுத்த மெடல் ஒன்று வீட்டில் தொங்கியது. ஆனால் அந்த வித்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவருக்கு அதை எந்தக் கடையில் இறக்குவதென்று தெரியவில்லை. விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் போய்க் கேட்டார். "எங்க பருப்புல கல்லுதான் கெடக்கும், வெடி கெடக்காதே" என்றார் மேனேஜர். ஒரு ஏஜென்சி ஏ.டி.எம். வாசலில் உட்கார வைத்தது. துப்பாக்கிக்குள் குண்டும் இல்லை, மிஷினுக்குள் பணமும் இல்லை, எதற்குக் காவல் என்று எழுந்து வந்துவிட்டார்.

கடைசியில் சிவகாசி ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த மணிகண்டராஜ் அவரை எடுத்துக்கொண்டார். 'பாதுகாப்பு மேற்பார்வையாளர்' என்று சட்டையில் பேர் குத்திக் கொடுத்தார். வேலை என்னவோ, வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வருகிற சேட்டுகளுக்குக் கேட்டில் நின்று சல்யூட் அடித்து இந்தியில் நலம் விசாரிப்பது. அந்த சல்யூட்டைப் பார்த்து ஒரு சேட்டு இரண்டு லோடு கூடுதலாகக் கேட்டாராம். பெத்தணன் சொல்லும்போது அது இருபது லோடு. சேட்டும் பதில் சல்யூட் அடித்தார்.

சல்யூட் அடித்த நேரம் போக மிச்ச நேரத்தில் ரூம் ரூமாகப் போவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே பாடம்.

"கால இழுத்து நடக்காதீக. ஒரசுனா வெடிமருந்து பிடிச்சுக்கிடும். தூக்கி வையுங்க. கீழ மருந்து சிந்தியிருக்கயில நான் நில்லுன்னு சொன்னா, எப்பிடி இருக்கீகளோ அப்பிடியே நிக்கணும். நான் கால் வச்ச எடத்துல கால் வச்சு வெளிய வரணும். அம்புட்டுத்தான்."

வேலுத்தாய் இடது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உருகி, மெழுகு வழிந்து உறைந்த மாதிரி இருந்தது.

"வேற கம்பெனியில. ஆறு பேரு உள்ள இருந்தோம். என்னன்னு பாக்க நின்னவ அஞ்சு பேரு. ஓடுனவ நான் ஒருத்தி. எங்கிட்டப் போயி நிக்கச் சொல்றீகளே."

பெத்தணனின் முகத்தில் கதை கொஞ்ச நேரம் காணாமல் போனது.

"அது தீப்பிடிச்ச பெறகு ஓடுறது மதினி. நான் சொல்றது, பிடிக்காம இருக்கயில நிக்கிறது."

அதோடு விட்டிருந்தால் அவள் யோசித்திருப்பாளோ என்னவோ. அவரால் விட முடியவில்லை. "எங்க கழுதைகளுக்கே அது புரிஞ்சது" என்றார். ரூமே சிரித்தது. பாடம் சிரிப்போடு போனது.

அன்று சாயங்காலம் வேனுக்கு நிற்கும்போது அவர் அவள் பக்கம் வந்தார். சுற்றி யாருமில்லாததால் குரலில் அலங்காரம் குறைவாக இருந்தது.

"மதினி, எங்கதையக் கேட்டு எல்லாரும் சிரிக்கிறாக. சிரிக்கிறவுக நாளைக்கு எம்பேச்சுக்கு நிப்பாகளான்னுதான் யோசிக்கேன். பொம்பளைக அம்புட்டுப் பேரும் உங்களத்தான் பாக்குதுக. நீங்க நின்னா நிப்பாக."

"பாப்போம்" என்றாள் வேலுத்தாய்.

பாண்டிச்செல்வியை வேலைக்குக் கூட்டி வந்த முதல் நாளே அவள் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். அது பெத்தணனின் பாடத்தைவிடச் சின்னது. "நான் ஓடுனா நீயும் ஓடு. எதுக்குன்னு கேக்காத."

ஆடி பிறந்தது. தீபாவளி சீசன் கழுத்தைப் பிடித்தது. காற்று வேறு, ஆளையே தூக்கிக்கொண்டு போய் அடுத்த ஊரில் இறக்கிவிடுகிற மாதிரி அடித்தது. ரூமுக்கு நாலு பக்கமும் கதவு. நாலும் திறந்துதான் கிடக்க வேண்டும். வேலுத்தாய் மேற்குக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் கூட வேலை பார்க்கிறவன் சங்கிலிமுத்து, கிழக்கு மூலையில் பாண்டிச்செல்வி. ஃபேன்சி வெடிக்குக் கலந்த மருந்து, தட்டுத் தட்டாக அடுக்கி நடுவில் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்த நேரம். மேற்கேயிருந்து வந்த ஒரு காற்று, திறந்து கட்டியிருந்த கதவை முளையிலிருந்து பிடுங்கி உள்பக்கமாக அடித்தது. கதவு அடுக்கில் மோதியது. தட்டுகள் சரிந்தன.

தரை முழுக்கச் சாம்பல் நிறமாகப் பரவியது. மூன்று கதவுகளுக்கு முன்னால் கனமாக, மேற்குக் கதவுப் பக்கம் மட்டும் திட்டுத் திட்டாக. வெடிக்கவில்லை. மூன்று பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். வேலுத்தாய் சேலையைத் தூக்கிப் பிடித்துவிட்டாள். அவளுடைய வலது கால் தரையை விட்டுக் கிளம்பியும்விட்டது.

"நில்லுங்க."

மேற்கு வாசலில் பெத்தணன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். குரல் சின்னதாக இருந்தது. வேலுத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்த முகத்தில் பொய் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டே இருந்தவள் அவள். அது இல்லாதபோது எப்படி இருக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். தூக்கிய காலை, எடுத்த இடத்திலேயே நேராக வைத்தாள்.

அவள் நின்றதைப் பார்த்து மற்ற இருவரும் நின்றார்கள்.

பெத்தணன் வாசலிலிருந்த தீயணைப்பு வாளியை எடுக்கக் குனிந்தார்.

"தண்ணி வேண்டாம்" என்றாள் வேலுத்தாய், உதடு மட்டும் அசைய. "அலுமினியப் பவுடரு கலந்திருக்கு. நனைஞ்சாத் தானாச் சூடேறும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

அப்படி ஒரு நடையை அவள் பார்த்ததில்லை. மருந்து இல்லாத இடமாகப் பார்த்து ஒரு கால். அது உட்கார்ந்த பிறகு மற்றது. நேராகத் தூக்கி, நேராக இறக்கி. வைக்கும் இடமெல்லாம் அவர் உள்ளங்கால் வேர்வை பட்டு ரப்பர் விரிப்பில் தடம் தெரிந்தது. பாண்டிச்செல்வி வரைக்கும் போனார். அவளிடம் ஒரு சொல் சொன்னார். அதே தடங்களில் பின்புறமாகவே கால் வைத்துத் திரும்பினார். வாசற்படியில் ரூமைப் பார்த்து நின்று கையை நீட்டினார்.

"கிட்ட இருக்கிறவுக மொதல்ல. எங்கால் பதிஞ்ச எடத்துல மட்டும். மதினி, வெளிய போனதும் அங்கனயே நில்லுங்க. ஓடாதீக."

வேலுத்தாய் அதைக் கேட்டாள். நன்றாகவே கேட்டாள். முதல் தடத்தில் கால் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. ஈரம் உள்ளங்காலில் ஒட்டியது. அவர் கையைப் பிடித்து, படியைத் தாண்டி, வெயிலில் காய்ந்த மண்ணில் இறங்கினாள்.

சங்கிலிமுத்து வந்தான். படியைத் தாண்டினான். பாண்டிச்செல்வி தடத்தில் வந்துகொண்டிருந்தாள். பாதி தூரம் வந்துவிட்டாள். பிள்ளைக்கு நடை பழக்குகிறவள் வைக்கிற மாதிரி ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

அப்போது வேலுத்தாய் ஓடினாள்.

அவள் முடிவெடுக்கவில்லை. கால் மண்ணை உணர்ந்தது. உணர்ந்த கால், இருபது வருஷமாகத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. பெத்தணனுக்கு அது தெரியாது. அவர் முதுகு வெளிப்பக்கம் இருந்தது. அவர் தோளுக்கு மேலாகப் பாண்டிச்செல்விக்குத் தெரிந்தது. பெரியம்மா ஓடுகிறாள். எதுக்குன்னு கேக்காத.

அவளும் ஓடினாள்.

அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கிச் சொல்ல யாருக்கும் தேவை வரவில்லை. மேற்குச் சுவரும் பெத்தணனும் வெளியே வந்து விழுந்தார்கள். அவருடைய வலது கை அப்போதும் நீட்டியபடியே இருந்தது. பாண்டிச்செல்வியை ஒரு சாக்கில் கொண்டுவந்தார்கள். சாக்கு கனமாக இல்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் சங்கிலிமுத்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். ஊருக்கும் தெரியும். யாரும் வேலுத்தாயைக் குறை சொல்லவில்லை. "எவதான் ஓட மாட்டா" என்றார்கள். அவளுக்கு அது, குறை சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. பாண்டிச்செல்வியின் பிள்ளை அவள் வீட்டில் வளர்ந்தது. அது நன்றாக நடக்கப் பழகி, பிறகு ஓடப் பழகியது. அது முற்றத்தில் ஓடும்போதெல்லாம் வேலுத்தாய் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள்.

தை கழிந்து கம்பெனியைத் திறந்தார்கள். வேலுத்தாயும் பழையபடி வேலைக்கு வந்தாள். பெத்தணனின் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. சல்யூட் வராது. கேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார் மணிகண்டராஜ். ரூம்களுக்குப் போய் இடது கையால் காட்டி அதே பாடத்தைச் சொன்னார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவரும் கழுதைகளைப் பற்றிப் பேசவில்லை. வேனில் முன்சீட்டில் ரோட்டைப் பார்த்தபடி வந்தார். டிரைவரே அலுத்துப்போய் ரேடியோவைப் போட ஆரம்பித்தான்.

ஒரு நாள் காலையில், பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி முன்பக்கம் எட்டிக் கேட்டாள்.

"பெரியப்பா, நாப்பது கழுதையக் கூட்டியாந்தவுக நீங்கதானா? எங்க மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. மொதக் கழுதைய என்னமோ பண்ணுனீகளாமே, அதச் சொல்லுங்களேன்."

யாரோ இருமினார்கள். வேலுத்தாய் பின்சீட்டில் ஜன்னலோரம் இருந்தாள்.

பெத்தணன் திரும்பவில்லை.

"அதெல்லாம் சும்மா தாயி. பொழுது போகணும்னு சொன்னது. கழுதையும் இல்ல, மலையும் இல்ல."

"பொய்யா?"

"பொய்யிதான்."

அந்தப் பெண் ஏமாற்றத்தோடு பின்னால் சாய்ந்தாள். வேலுத்தாய் பெத்தணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. இந்த ஆள் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே சின்னது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. யாருக்காகச் சொன்னார் என்பதும் தெரிந்தது.

"நடந்துச்சு" என்றாள்.

"விடுங்க மதினி."

"எத்தனை கழுதைன்னு எனக்குத் தெரியாது. பல்லுல கட்டுனதும் வாலாட்டாததும் இவரு அளந்தது." அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஆனா ஒண்ணு கால் வச்ச எடத்துல ஒண்ணு வச்சு வந்துச்சு. நான் அந்த வரிசையில நடந்திருக்கேன். மொதக் கழுதையக் கட்டிப்போட்டதும் நெசந்தான் தாயி. கட்டாம விட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும்."