கருவாட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த எலும்பு

திருவொற்றியூர் குப்பத்து மொட்டைமாடியில் கருவாடு காயும், மிளகாய் காயும், துணி காயும். அந்த வியாழக்கிழமை மனுஷ எலும்பும் காய்ந்தது. கருவாட்டைத் திருப்பிப் போட மேலே போன எதிர்வீட்டு ராமசெல்வி, சாக்கின் ஓரத்தில் ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு கிடந்த ஒரு கையைப் பார்த்து அலறிய அலறலில் தெருநாய்கள்கூட வாயை மூடிக்கொண்டன.

காயவைத்தவள் பவானி. ஆக்குபேஷனல் தெரபி முதல் வருஷம். கை கால் விழுந்தவர்களுக்கு மறுபடி பித்தான் போடவும் சோறு பிசையவும் பழக்கிவிடுகிற படிப்பு. கேட்க லேசாக இருக்கும். ஆனால் அனாட்டமி என்று ஒன்று வாசலிலேயே குறுக்கே படுத்திருக்கும். எலும்பு, தசை, நரம்பு ஒன்று விடாமல் தெரிந்தால்தான் அதைத் தாண்டலாம். பவானி ஏற்கெனவே ஒருமுறை தடுக்கி விழுந்திருந்தாள். சீனியர் அஜீசாவின் விடுதி அறையில் அவளுடைய எலும்பு செட்டை வைத்துத்தான் படித்தாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் பாதி மண்டையில் ஏறவில்லை. திங்கட்கிழமை மறுதேர்வு. இதிலும் போனால் இரண்டாம் வருஷம் கிடையாது. அதனால் இந்தத் தடவை செட்டை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள்.

மழைச்சாரலில் அட்டைப்பெட்டி ஊறிப்போனது. கருவாட்டுக்கு அடிக்கிற வெயில் எலும்புக்கும் அடிக்கட்டும் என்று பரப்பினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அந்த வாரம் பார்த்து எந்தப் படகிலும் மீன் இல்லை. போட்ட டீசலுக்குக்கூடத் தேறவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குப்பத்துக்கு இப்போது ஒரு கூடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பவானியின் தாய்மாமன் எத்திராஜ், பின்னால் பாதித் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ஏம்மே, செத்தவன் எலும்ப வூட்ல வெச்சிகினு கீறே, அப்பால வலையில எப்புடி மீனு வுழும்? குடு. கடல்ல கரைச்சிட்டு வந்துர்றேன். அந்த ஆத்மாவுக்கும் புண்ணியம்."

"கரைக்கறதுக்கு இது இன்னா சாம்பலா? இரவல் வாங்கனது மாமா. திங்கக்கெழம பரீட்ச."

"படிப்பு பெருசா, எங்க பொழப்பு பெருசா?"

பவானிக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. "கடல்ல எண்ணெ மெதக்குது. ஆத்து வாயில பவர் ஹவுசு சாம்பல் கொட்டிக் கெடக்குது. அத்த கேக்கறதுக்கு ஒருத்தருக்கும் வாய் வர்ல. எம்மூட்டு அட்டப்பொட்டியாண்ட வந்து சாமி ஆடறீங்க!"

எத்திராஜ் பெட்டியில் கை வைத்தான். பவானி கம்பியில் கோத்த அந்தக் கையை வெளியே எடுத்தாள். மாமனின் வலது கையை வெடுக்கென்று பிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வலைக்கயிறு இறுக்கி நசுங்கியதிலிருந்து அவனுக்கு மோதிரவிரல் மடங்காது. யார் கண்ணிலும் படாமல் லுங்கி மடிப்பில் ஒளித்து வைத்துக்கொள்வான். இப்போது தெருவே பார்த்தது.

"நல்லா பாரு. இதுல கீற அதே எலும்புதான் உன் கையிலயும் கீது. இது தரித்திரம்னா அதுவும் தரித்திரம். வெட்டி, ரெண்டையும் சேத்து கடல்ல போடு."

தம்பி கிழித்த கோட்டை என்றைக்கும் தாண்டாத புஷ்பவல்லி, மீன் நறுக்கிய கையோடு எழுந்து வந்து மகள் பக்கத்தில் நின்றாள்.

"டேய் எத்திராஜி, பொட்டிய தொட்டே, இனிமே இந்த வூட்ல உனக்கு கொழம்பு கெடையாது."

அக்காள் குழம்பை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத பிரம்மச்சாரி அவன். கையை லுங்கிக்குள் செருகிக்கொண்டு திரும்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வலை கிழியக் காணாங்கத்தை விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்கைக்கு மாலை போடாமல் விடுவார்களா? எத்திராஜ் மாலையும் கற்பூரமுமாக வந்தான். அலறிய ராமசெல்வியே குங்குமம் கொண்டுவந்து மண்டையோட்டின் நெற்றியில் வைத்துவிட்டாள்.

"ராசியான எலும்பும்மே. திருப்பிக் குடுத்துறாத, இங்கியே இருக்கட்டும்" என்றான் எத்திராஜ்.

மறுநாள் பரீட்சை. கைக்குப் போகிற நரம்புகள் அவள் மண்டையில் இன்னும் சிக்கலாகத்தான் இருந்தன. பவானிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. குங்குமத்தைத் துடைத்தாள். மாலையைப் பிடுங்கி எத்திராஜின் வலது கையிலேயே சுற்றினாள்.

"கும்புடணும்னா இத்த கும்புடு. வல இழுத்தது இதான்." கதவைச் சாத்திவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள்.

தேர்வு எடுத்த அம்மா மணிக்கட்டின் ஒரு சின்ன எலும்பை அவள் உள்ளங்கையில் வைத்து, எந்தப் பக்கத்துக் கை என்று கேட்டார். பவானி திருப்பித் திருப்பித் தடவினாள். "ரைட் ஸ்கேபாய்ட்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, காரணத்தையும் சொன்னாள். அவளுடைய குப்பத்து உச்சரிப்புக்கு ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். அன்றைக்கே பெட்டி அஜீசாவிடம் போய்ச் சேர்ந்தது.

முடிவு வந்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தவன் எத்திராஜ்தான். வாயெல்லாம் பல்லாக ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்: "நான் அப்பவே சொல்லல? ராசியான எலும்பு. எங்க பாப்பாவ பாஸ் பண்ணிவுட்ருச்சி பாரு!"

பவானி தெருவில் இறங்கி வந்தாள். மாமனின் கையைப் பிடித்து, மடங்காத விரலின் கணுவில் தன் கட்டைவிரலை வைத்தாள்.

"போன தபாவும் அதே எலும்புதான் மாமா. அப்போ ஃபெயிலானேன்."

அவன் கையை லுங்கிக்குள் இழுக்கப் பார்த்தான்; அவள் விடவில்லை.

"எலும்பு படிக்கல. நான் படிச்சேன். சொல்லு."

"இன்னாத்தம்மே சொல்றது?"

"பவானி படிச்சா, பாஸ் பண்ணா. அத்த சொல்லு."

எத்திராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொண்டைக்குள்ளேயே சொன்னான்.

"தெருவுக்கு கேக்கல" என்றாள் பவானி. "இன்னொரு தபா சொல்லு."