தட்டில் வரும் தக்கை

சவ்ரோல் ஊரின் நவம்பர் ஏலத்தில் ரெஜிஸ் அதுவரை ஒரு பாட்டில்கூட வாங்கியதில்லை. ஐந்து தலைமுறையாக ஒயின் விற்கிற குடும்பம். வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒவ்வொரு வருடமும் பின்வரிசையில் உட்காருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை, அறுபத்தெட்டு வயதில், பூசை முடிந்த கையோடு ஓடிவந்து முதல் வரிசை நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றாள் மனைவி பெர்னதெத்.

"கண்ணு சரியா தெரியல. அதான் முன்னாடி."

"நேத்து பக்கத்துத் தோட்டத்துல நரி போனது மட்டும் தெரிஞ்சுதாக்கும்."

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. கடைசிப் பாட்டில். ஏலப் பட்டியலில் அச்சடித்திருந்தார்கள்: ரெஜிஸின் அப்பா தோட்டத்துச் சிவப்பு ஒயின், 1978. இரண்டே பீப்பாய்தான் அந்த வருடம் தேறியது, உலகத்தில் இதுதான் கடைசிப் பாட்டிலாக இருக்கலாம். கொடுத்தவர் லூசியன், முதியோர் இல்லத்துக் கூரைக்காக.

அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது 1978 அல்ல என்பது ரெஜிஸுக்குத் தெரியும். லேபிளை ஒட்டியவரே அவர்தானே. நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் லூசியனுக்கும் மார்த்தீனுக்கும் கல்யாணம். "பக்கத்துத் தோட்டத்துக்காரன், நம்ம எழுபத்தெட்டுல ஆறு பாட்டில் குடு" என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லாப் பரிசையும் தட்டிக்கொண்டு போனவன், கடைசியில் மார்த்தீனையும் தட்டிக்கொண்டு போகிறான், அவனுக்கு எழுபத்தெட்டா என்று ரெஜிஸுக்கு வயிறு எரிந்தது. மழையில் திராட்சை அழுகிப்போன 1975-ஆம் வருடத்து ஒயினில் ஆறு பாட்டிலை எடுத்து எழுபத்தெட்டின் லேபிளை ஒட்டிக் கொடுத்தார். நிஜ எழுபத்தெட்டை நண்பர்களோடு சேர்ந்து காலி செய்தார். லேபிளை மாற்றலாம். ஆனால் அவர் அப்பா ஒவ்வொரு தக்கையிலும் ஆண்டைச் சூடு போட்டு வைப்பவர். அதை என்ன செய்ய முடியும்?

கல்யாணத்திலேயே ஆறையும் குடித்திருப்பான் என்றுதான் இத்தனை வருடமும் நிம்மதியாகத் தூங்கினார்.

சவ்ரோலில் மற்ற சரக்கெல்லாம் சுத்தியல் அடித்து விற்கும். கடைசிப் பாட்டில் மட்டும் மெழுகுவர்த்திக்கு. சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்றை ஏற்றுவார்கள். அது தானாக அணையும்போது யார் கேட்ட விலை கடைசியோ, பாட்டில் அவருக்கு. நடுவில் யாராவது கூடக் கேட்டால் புதுத் துண்டு. வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே விருந்தில் தன் கையால் திறந்து ஊற்ற வேண்டும். பிறகு தக்கை ஒரு தட்டில் மேசை மேசையாகச் சுற்றும். ஆளாளுக்கு எடுத்து மோந்து, ஆண்டைப் படித்துத் தலையாட்டுவார்கள். அந்தத் தட்டுக்குப் பயந்துதான் ரெஜிஸ் முதல் வரிசைக்கு ஓடிவந்தார். வேறு எவன் திறந்தாலும் மானம் போய்விடும். தானே திறந்தால் தக்கையை எப்படியாவது மறைத்துவிடலாம்.

ஏலம் விடும் மதாம் கோலெத் முதல் துண்டை ஏற்றினாள். இருநூறு யூரோவில் ரெஜிஸ் கை தூக்கினார். பாரிஸ்காரர் ஒருவர் முந்நூறு என்றார், இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆயிரத்தில் எல்லாரும் கழன்றுகொண்டார்கள். சுடர் சுருங்கியது. ரெஜிஸ் உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். லூசியன்.

"நீ குடுத்த பாட்டிலை நீயே கேக்கறியேடா!"

"குடுத்தப்புறம்தான் அருமை தெரியுது ரெஜிஸ். உங்கப்பா கைப்பக்குவமாச்சே."

கொடுத்தவர் கேட்கக் கூடாதென்று சட்டம் ஏதுமில்லை என்றாள் மதாம் கோலெத். கூரை யாருடையது, அவள் அம்மா படுத்திருக்கிற அறையின் கூரை! ரெஜிஸ் இரண்டாயிரம் என்றார். துண்டு அணையப் போகிற நேரமாகப் பார்த்து லூசியன் ஏற்றினார். மூவாயிரத்தில் ரெஜிஸ் சுடரை நோக்கி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"ரெஜிஸ் ஐயா, மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கமா விடுங்க" என்றாள் மதாம் கோலெத். கூடம் சிரித்தது.

"யோவ், அது டிராக்டர் வாங்க வெச்ச பணம்" என்று தொடையைக் கிள்ளினாள் பெர்னதெத். "அதுவும் உங்க வீட்டு ஒயின். பைத்தியமா உனக்கு?"

ரெஜிஸ் நாலாயிரத்து நூறு என்றதும் லூசியன் கைகளைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தார். மெழுகு அணைந்தது. ஊர் வழக்கப்படி கூடம் முழுக்கக் கைகளை முகத்தருகே தூக்கி, திருகித் திருகி, "லா லா லா" என்று பாடியது. ரெஜிஸும் பாடினார், அழுகிற குரலில்.

விருந்து மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டிலைத் திறந்தார். தக்கை முழுசாக வந்தது. 75 என்று பளிச்சென்றிருந்தது. சட்டைப்பைக்குப் போவதற்குள் பெர்னதெத் திரும்பிவிட்டாள். பக்கத்தில் ஒயினில் வெந்த மாட்டுக்கறி பெரிய பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. தக்கையை அதற்குள் போட்டுக் கரண்டியால் அழுத்திவிட்டார்.

"தக்கை உடைஞ்சு தூளாயிடுச்சு" என்று அறிவித்தார். ஐயோ பாவம் என்றார்கள். ஆளுக்கொரு மடக்கு ஊற்றினார். பாரிஸ்காரர் கண்ணை மூடி, செர்ரிப்பழம் தெரிகிறது, ஈரக் காடு தெரிகிறது என்றார். ரொட்டிக்கடை பஸ்தியனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எழுபத்தெட்டுன்னா எழுபத்தெட்டுதான்யா! இப்பல்லாம் எவன் இப்படிச் செய்றான்?"

ரெஜிஸுக்கு உயிர் திரும்பி வந்தது. அதே பஸ்தியன் கறியைக் கடித்துவிட்டு வாயிலிருந்து எதையோ எடுக்கிற வரைக்கும்தான்.

"இதென்ன, கறிக்குள்ள தக்கை? எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்கு!"

எல்லாத் தலையும் அந்தத் தக்கைப் பக்கம் திரும்பியது. ரெஜிஸ் மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டார்.

லூசியன் எழுந்தார். "கறிக்கு ஊத்துன ஒயினோடதா இருக்கும்."

"அப்படிச் சொல்லு!" என்றார் பஸ்தியன். "எழுபத்தஞ்சைக் கறிக்குத்தான் ஊத்தணும். மனுஷன் குடிப்பானா அதை?" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையின் கடைசிச் சொட்டை உறிஞ்சினார். பாரிஸ்காரர் ஆமோதித்தார்.

லூசியன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ரெஜிஸின் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினார். பழைய தக்கை. விரலால் தடவினாலே தெரிந்தது, 75.

"கல்யாண ராத்திரி திறந்தது. ஒரு வாய் குடிச்சிட்டு மார்த்தீன் சிரிச்சா பாரு, விடியற வரைக்கும் நிக்கல. இன்னிக்கும் எங்களுக்குள்ள சண்டை வந்தா இந்தத் தக்கையை எடுத்து மேசையில வைப்போம். சிரிச்சிடுவோம்."

எதிர் மேசையில் மார்த்தீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நாற்பத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் தன்னை வைத்துத்தான் சிரித்திருக்கிறார்கள் என்று ரெஜிஸுக்குப் புரிந்தது. வெட்கம் காது வரை ஏறியது.

"மன்னிச்சிடுடா" என்றார். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது.

"அட, அதை எப்பவோ மன்னிச்சாச்சு. இன்னும் நாலு பாட்டில் இருக்கு. அடுத்த வருஷம் ஒண்ணு, கோயில் மணிக்கூண்டுக்கு."

ரெஜிஸ் எழுந்து நேரே மதாம் கோலெத்திடம் போனார். அடுத்த நவம்பருக்கும் முதல் வரிசை நடு நாற்காலியைத் தன் பெயருக்கே எழுதிக்கொள்ளச் சொன்னார்.