படியிறங்கும் சத்தம்

சவப்பெட்டிக்குள் அப்பாவின் காதோரம் வெள்ளைச் செவ்வந்தியைச் செருகிக்கொண்டிருந்தபோது டோகியேவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. திரும்பிப் பார்க்கவே வேண்டாம். நூலகக்காரி மினோபேதான். பெற்ற மகள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, இவளுக்கு அதற்குள் கைக்குட்டை நனைந்துவிட்டது. டோகியேவுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அப்பா குரோகி ஷிகெஹாரு முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். பன்னிரண்டு வருஷமாகக் கஞ்சி வைத்துக் கொடுத்து, முதுகு தேய்த்து, நகம் வெட்டிவிட்ட மகளிடம் அவர் பேசியதெல்லாம் 'ம்', 'போதும்', 'கதவைச் சாத்து'. அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுஷர், போன வருஷம் ஊர் நூலகத்துக்காகச் சுரங்கக்காரர்களின் பேச்சைப் பதிவு செய்கிறேன் என்று இந்த மினோபே வந்து உட்கார்ந்ததும், மாடி அறையில் பதினேழு மணி நேரம் பேசினார். அடேயப்பா, பதினேழு மணி நேரம்! கூட வேலை பார்த்தவர்கள் எழுதிய கடிதங்களையும் பிஸ்கட் டப்பாவோடு தூக்கி அவளிடமே கொடுத்துவிட்டார். அப்படியொரு டப்பா வீட்டில் இருந்ததே டோகியேவுக்குத் தெரியாது.

தேநீர்த் தட்டோடு அவள் மாடி ஏறினால் பேச்சு டக்கென்று நின்றுவிடும். கீழே வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி அப்பாவின் குரல் கேட்கும். 'என்னைப் பத்தி ஒரு வார்த்தையாவது சொன்னாரா?' மினோபேயிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வருஷமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போன கேள்வி அது. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால்?

மினோபே மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கையில் ஒரு மெல்லிய புத்தகம்.

"அக்கா, இத ஐயாவோட பெட்டியில வைக்கலாமா? தடிப் புத்தகம் சரியா எரியாதுன்னாங்க. அதான் ஒரே ஒரு நாள் பேசினத மட்டும் அச்சடிச்சு எடுத்துட்டு வந்தேன்."

"எரிச்சுட்டா உங்க நூலகத்துக்கு வேணாமா?"

"ஒலிநாடா, கடுதாசி எல்லாம் அங்க பத்திரமா இருக்குக்கா."

"இருக்கும், இருக்கும். அவர் குரல் உங்ககிட்ட இருக்கு. மூத்திரச் சட்டி எங்ககிட்ட இருக்கு."

மினோபே தலைகுனிந்தாள். சவப்பெட்டியின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஃபுசாயே அத்தை, இறந்தவரின் தங்கை, நிமிர்ந்தாள்.

"ஏய், வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள பாரு. உசுரோட இருக்கறவங்க படம் எதுவும் பெட்டிக்குள்ள போகக் கூடாது. செத்தவன் அவங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிடுவான். சின்ன வயசுலயே குளத்துக்குப் போகக்கூட எங்க அண்ணனுக்குத் துணைக்கு ஆள் வேணும்."

மினோபேயின் படம் இருந்தால் இருக்கட்டுமே, போகிற வழியிலும் பேசிக்கொண்டே போகட்டும் என்று டோகியேவுக்கு ஒரு கணம் தோன்றியது. சே, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள்.

படம் எதுவும் இல்லை. எல்லாம் பேச்சுத்தான். இருமல், சிரிப்பு, வாசலில் போன வண்டிச் சத்தம் என்று காதில் விழுந்த ஒன்றையும் விடாமல் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி:

(மகள் தேநீர் கொண்டு வருகிறார். பேச்சு நிற்கிறது.)

இதையும் பதிந்து வைத்திருக்கிறார்களா! இனி வருகிறவன் போகிறவன் எல்லாம் படிப்பான். ஒரு பெயர்கூட இல்லை. தேநீர் கொண்டு வருகிறவள், அவ்வளவுதான். அவள் முகம் சுட்டது. படக்கென்று மூடப் போனவள் கண்ணில் அடுத்த வரி பட்டது.

(மகள் படியிறங்கும் சத்தம். குரோகி கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பது விநாடி.)

குரோகி: பதினாலு. ம், எறங்கிட்டா. எதுல விட்டேன்?

மினோபே: ஒவ்வொரு தடவையும் எண்ணுறீங்களே, ஏன் ஐயா?

குரோகி: அவளுக்கு எடது முட்டி சரியில்ல. வாயத் தொறந்து சொல்ல மாட்டா. நான் பேசிட்டிருந்தா சத்தம் கேக்காதுல்ல? சொரங்கத்துலயும் ஒருத்தன் ஏணியில நின்னா, அவன் கால் தரையில படுற வரைக்கும் நாங்க யாரும் பேச மாட்டோம். அந்தப் பழக்கம் போகல.

மினோபே: அவங்ககிட்ட சொல்லலாமே.

குரோகி: (சிரிக்கிறார்.) சொன்னா தேத்தண்ணி கொண்டு வர மாட்டா.

டோகியே அதை மறுபடி படித்தாள். முட்டி வலியை அவள் டாக்டரைத் தவிர ஒருவரிடமும் சொன்னதில்லை.

"மூடிடலாங்களா?" ஈமச்சடங்குக்காரர் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படம் கெடம் இருக்கா?" என்றாள் அத்தை.

"படம் இல்ல அத்தை. ஆனா உசுரோட இருக்கறவ ஒருத்தி இதுல இருக்கா. உள்ள வைக்கக் கூடாது."

அத்தை மினோபேயை ஒரு பார்வை பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல!"

டோகியே அத்தையைத் திருத்தவில்லை. புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பெட்டியை மூடினார்கள்.

"அவரோட சோத்துக் கிண்ணம் எங்கம்மா? பெட்டி வாசலைத் தாண்டறப்ப உடைக்கணும்," என்றார் ஈமச்சடங்குக்காரர்.

"மாடியில இருக்கு."

"நான் போய் எடுத்துட்டு வரட்டுமாக்கா?" என்றாள் மினோபே.

"எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது." அதைச் சொன்னதில் டோகியேவுக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது.

கிண்ணம் அவர் படுக்கைத் தலைமாட்டில்தான் இருந்தது. அதை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்தபடி இறங்கத் தொடங்கினாள். கீழே கூடத்தில் ஒரே பேச்சு. அத்தை யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். படியடியில் மினோபே முதுகைக் காட்டி நின்று ஈமச்சடங்குக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

டோகியே இரண்டாம் படியில் கால் வைத்தாள். மினோபே சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினாள். "என்னம்மா சொன்னீங்க?" என்று அவர் கேட்டும் வாய் திறக்காமல், தலையை லேசாகச் சாய்த்து அப்படியே நின்றாள்.

டோகியேவின் கால் தரையில் பட்ட பிறகுதான், விட்ட இடத்திலிருந்து அவள் பேசத் தொடங்கினாள்.