நாற்பதாவது நிமிடம்

அந்தப் பழைய ஆஸிலோஸ்கோப் மூன்றாவது முறையாக மெக்கானிக்கின் மேசைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மனைவியின் தம்பி. ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர். மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அவருக்குக் கண்ணைக் கட்டி விட்டதுபோல.

“இங்க மணிக்கணக்கா ஓடுது. என் கடைக்கு வந்தா முக்கால் மணி நேரம் தாங்க மாட்டேங்குது. இந்தத் தடவையும் படுத்துச்சுன்னா நேரா பழைய இரும்புக் கடைதான், மாமா.”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்தில் அவர் கை பட்ட எதுவும் இரும்புக் கடைக்குப் போனதில்லை. உள்ளே இருந்த கண்ணாடி வால்வுகளை மாற்றியாயிற்று, கண்டென்சர்களை மாற்றியாயிற்று. மறுபடி ஓடவிட்டார். பச்சைக் கோடு ஊசிமுனைபோல் நின்றது. மச்சினர் கடையில் கரண்ட் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது.

பக்கத்தில் துணி தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினார். புழுக்கம் தாங்காத மெக்கானிக்கின் மேசையோரத்தில் எப்போதும் ஒரு மின்விசிறி சுற்றும். மூடி கழற்றிய பெட்டியும் அதே காற்றில்தான் இருந்தது.

“ஏங்க, அந்த ஃபேன் உங்களுக்கா, அதுக்கா?”

மெக்கானிக் சட்டென்று எழுந்தார். விசிறியை நிறுத்தினார், மூடியை மாட்டினார். நாற்பதாவது நிமிடம் கோடு தடித்தது, உப்பியது, மங்கி அணைந்தது. ஒரு பெட்டி செத்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஆளை அந்த அம்மாள் கண்டதில்லை.

குற்றவாளி, திரைக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர். சூடேறினால் அதன் பழைய மெழுகுப் பூச்சு மின்சாரத்தைக் கசியவிட்டது. காற்று பட்டவரை யோக்கியனாக நடித்தது. நான்கு நாள் உட்கார்ந்து, முடி போன்ற கம்பியை எண்ணி எண்ணிப் புதிதாகச் சுற்றினார். நடுவில் மனைவி பேச்சுக் கொடுக்க, எண்ணிக்கை தப்பி ஓர் அடுக்கையே பிரிக்க வேண்டியதாயிற்று. அன்று முழுக்க வீட்டில் பேச்சுக்குப் பதில் கைஜாடைதான்.

சோதனைக்கு மச்சினரையும் வரவழைத்தார். மூடி மாட்டியாயிற்று, விசிறி நின்றது, ஜன்னலும் சாத்தியாயிற்று. நாற்பது நிமிடம் தாண்டியது. ஒரு மணி நேரம். இரண்டு. மூவரும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். கோடு இம்மியும் பிசகவில்லை.

மச்சினர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் தயங்கினார். “கடையில இதே நோயோட இன்னொண்ணு கிடக்கு, மாமா. கொண்டுவரவா?”

“தாராளமா கொண்டு வா, மாப்ளே,” என்றார் மெக்கானிக்.

மனைவி முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி தம்பியைப் பார்த்தார். “மழைக்காலத்துல கொண்டு வாடா.”