பிசைந்த மாவு காத்திருக்காது

கீழக்குயில்குடியிலிருந்து சிம்மக்கல் அப்பளக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஷேர் ஆட்டோ என்னுடையது. முதலாளி ராஜபாண்டிக்கு நாக்கும் நான்தான். காலையில் அவர் போனில் சொல்வதை பஸ் ஸ்டாப்பில் நின்று ஒப்பிப்பேன். இன்னைக்கு எல்லாரும் ஏறலாம். இன்னைக்குப் பாதிப் பேர் போதும். வேண்டாமென்று சொல்லப்பட்டவளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சைடு கண்ணாடியைத் துடைப்பேன். இந்த வட்டாரத்திலேயே என் வண்டிக் கண்ணாடிபோல் பளபளப்பு கிடையாது.

அன்று அன்னக்கொடி வந்து நின்றாள். மகளுக்கு அம்மை போட்டதால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு வீட்டிலேயே கிடந்தவள். அவள் ஒருத்தி அப்பளம் தேய்த்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

போன் அடித்தது.

"அந்த அம்மை வீட்டுக்காரிய ஏத்தாத. இனி அவ வேணாம். நெனச்சப்ப லீவு போட்டா கம்பெனி எப்புடி நடக்கும்?"

நான் துணியை எடுத்தேன்.

"கண்ணாடிய அப்புறம் தொடைக்கலாம். சொல்லுண்ணே," என்றாள் அன்னக்கொடி.

"இனிமே நீ வரவேணாமாம்த்தா."

"பிள்ளைக்கு அம்மை எறங்கி மூணாந்தண்ணியும் ஊத்திட்டுத்தான வந்து நிக்கிறேன்? அம்மையோட அவள விட்டுட்டு வந்து தேய்ச்சிருந்தா, அந்த அப்பளத்த உங்க மொதலாளி திம்பாராக்கும்?"

வண்டிக்குள் இருந்த ரூத் இறங்கினாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். வேப்பிலைக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. "நாளைக்கு எம்பிள்ளைக்குக் காய்ச்சல்னா இந்த அண்ணே எனக்கும் கண்ணாடி தொடைக்கும். எறங்குங்கடி எல்லாரும்."

இறங்கிவிட்டார்கள்.

"ஏத்தா, எனக்கும் குடும்பம் இருக்குல்ல!"

"அதத்தான நாங்களும் சொல்றோம்," என்றாள் கடைசியாக இறங்கிய தாமரைச்செல்வி.

மறுபடி போன். "எங்கடா வண்டி? மாவு பிசைஞ்சாச்சு!"

அங்கேதான் அவருக்குச் சறுக்கியது. பெண்கள் எப்படியும் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் முதலில் மாவைப் பிசைவார். பிறகுதான் யாரைக் கழிப்பது என்று யோசிப்பார். பிசைந்த உளுந்து மாவோ கொஞ்ச நேரம் போனால் இறுகிவிடும், எந்தக் கட்டைக்கும் மசியாது.

ரூத் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "அன்னக்கொடி வந்தாத்தான் நாங்க வாரோம். இன்னொண்ணு, ஆளு வேணாம்னா மொத நா சாயங்காலமே சொல்லிரணும். கெளம்பி வந்து நிக்கையில சொல்லக் கூடாது."

"மெரட்டுறீகளா? எனக்கு வேற ஆளு கெடைக்காதா?"

"கெடைக்கும். அம்புட்டு நேரம் மாவு பொறுக்குமான்னு அதுகிட்டக் கேட்டுக்கங்க."

"டேய் அழகுபாண்டி! அவளுகள விடு. பக்கத்து ஊர்ல ஆளு ஏத்திக்கிட்டு வா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துடைக்கக் கண்ணாடியில் அழுக்கும் இல்லை.

"வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே," என்றேன்.

"உறுமுற சத்தம் கேக்குதேடா!"

நான் செய்த ஒரே புரட்சி, அதையும் இன்ஜினை அணைக்காமல் செய்திருக்கிறேன். சாவியைத் திருகினேன். "இப்பக் கேக்காதுண்ணே."

பெண்கள் சிரித்த சிரிப்பு சிம்மக்கல் வரை கேட்டிருக்கும். முதலாளி போனிலேயே உச்சுக்கொட்டினார். பிறகு, "சரி, அவளையும் ஏத்து. சீக்கிரம் வாங்க."

"சாயங்காலமே சொல்றது?" ரூத் விடவில்லை.

"சொல்றேன் தாயே, சொல்லித் தொலைக்கிறேன்!"

அன்னக்கொடி என் பக்கத்தில் ஏறினாள். கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து சீட்டைத் தட்டிவிட்டு, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனி இது உனக்கு எதுக்குண்ணே?"