கறுப்புக் கோட்டின் உள்பக்கம்

போனக்காடு தேயிலைத் தோட்டத்தின் ஜூலைக் குளிர் என் கணவர் திரவியத்துக்கு ஆகாது. முந்தின வருஷம் நிமோனியா வந்து பிழைத்தவர். வித்துராவில் ஒரு வீட்டுக்குத் தகரக்கூரை போட்டபோது, வெயில் இறங்காமலிருக்க அடியில் விரிக்கும் வெள்ளித்தாளில் கொஞ்சம் மிஞ்சியது. அதைக் கேட்டு வாங்கிவந்து அவருடைய மழைக்கோட்டின் உள்பக்கம் முழுக்க வைத்துத் தைத்தேன்.

“புரோட்டா பார்சல் மாதிரி ஆக்கிட்டியே மலரு. இனி சால்னா மட்டுந்தான் குறை.”

“பார்சல் ஆறாம வீடு வந்தாப் போதும். போங்க.”

நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் அடைத்துக்கொண்டதால் அன்று மதியம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடைக்கு மேலே போனார். இருட்டிய பிறகும் வரவில்லை. ஆட்கள் டார்ச்சோடு கத்திக் கத்தித் தேடினார்கள். பத்து மணிக்கு மழை விட்டபோது திருவனந்தபுரத்திலிருந்து, காணாமல்போனவர்களைத் தேட ட்ரோன் ஓட்டும் ஜெயன் வந்து சேர்ந்தான். நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில், குழந்தைகளின் மேசைமேல் திரையை வைத்தான்.

“சேச்சி, ஆளு என்ன உடுத்திருக்கு?”

“கறுப்பு மழைக்கோட்டு.”

ட்ரோனில் இரண்டு கேமரா. ஒன்று இருட்டில் உருவத்தைக் காட்டும், மற்றது உடம்புச் சூட்டை. இரண்டையும் சேர்த்து ஒரே படமாகப் பார்த்தான். காடு சாம்பல் நிறத்தில் நகர்ந்தது. சூடுள்ளது ஆரஞ்சாகத் தெரியும் என்றான். ஓடைக்கரையில் வெள்ளையாக ஒரு கீற்று வந்தது.

“அது என்ன தம்பி?”

“பாறையாக்கும் சேச்சி. தண்ணி வழிஞ்சு மினுங்குது. சூடே இல்ல, கண்டோ?”

கண்டேன். நானும் பாறை என்றே நினைத்தேன்.

எதிர்ச்சரிவில் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்ததும் பக்கத்து லயத்து நேசமணி அண்ணன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடினார். ஏறிச்சேர இரண்டு மணி நேரம். அது குட்டியோடு படுத்திருந்த மிளா மான். அதற்குள் மலையில் மஞ்சுமூட்டம் இறங்கித் திரை வெறும் வெள்ளையானது.

விடிந்து ஆறரைக்கு ஓடைக்கரையில் கண்டார்கள். கால் ஒடிந்து, கோட்டைத் தலைவரை இழுத்து மூடிச் சுருண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கோட்டுக்குள் கை விட்டேன். சூடு இருந்தது. ஆள் இல்லை. உயிர் போய் ஒரு மணி நேரம் இருக்கும் என்றார் டாக்டர்.

ஒன்பதாம் நாள் ஜெயன் வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான்.

“ரெண்டு படத்தையும் தனித்தனியா எடுத்துப் பாத்தேன் சேச்சி. இருட்டுக் கேமராவுல அந்த வெள்ளை நாலு தடவை திறந்து மூடுது. பாறை அப்படித் திறந்து மூடாதே. சேத்த படத்துல நான் சூட்டைத்தான் கூட்டி வச்சிருந்தேன். அந்த அசைவு அதுல மங்கிப்போச்சு. என் தப்பாக்கும். இந்த ஜோலி இனி எனக்கு வேண்டாம்.”

அவன் அப்படியே போயிருந்தால் தப்பு அவனோடு போயிருக்கும். நான் உள்ளே போய், துவைக்காமல் வைத்திருந்த கோட்டை எடுத்துவந்து அவன் மடியில் புரட்டிப் போட்டேன். தையலைத் தடவிப் பார்த்தான். வெள்ளித்தாளுக்கு அடியில் கையை வைத்து, சூடு மறுபக்கம் வருகிறதா என்று பார்த்து, எடுத்து, மறுபடி வைத்தான்.

“இது அன்னைக்கே சொல்லியிருந்தா…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

“கறுப்புன்னுதான் சொன்னேன்.”

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.