ஸ்டேஷன் எதிர்க் கல்லாங்காடு

“அழறதுன்னா கையெழுத்தப் போட்டுட்டு அழு. பத்திரக்காரர் எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாரு?” என்றாள் அண்ணி.

தகரக் கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியில் பத்திரக்காரர். அண்ணன் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ சாய்ந்து நின்றான். தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள், டோக்கன் கோத்த கம்பி மடியில். சுற்றிலும் இருநூறு வண்டிகள். காலையில் விட்டுவிட்டு ரயிலேறிப் போனவர்கள் இனிமேல்தான் வருவார்கள். அவர்களுக்கு அவள் டோக்கன் அக்கா.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இது வெறும் கல்லாங்காடு. பாம்புகூட யோசித்துத்தான் வரும். அப்பா செத்த மாதம் பங்கு பேசினார்கள். பஸ் ரோட்டு மேலிருந்த வீடும் கடையும் ஆண்பிள்ளைக்கு. புருஷனைப் பறிகொடுத்து வந்தவளுக்குக் கல்லாங்காடு, அதுவும் வாய்ச்சொல்லில். சொத்தில் பங்கு வேண்டாம் என்று அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். உன் பேரில் இருந்தால் என்ன, அண்ணன் பேரில் இருந்தால் என்ன என்று உறவெல்லாம் கேட்டது. பங்கு கேட்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் என்று அவளுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ரயில் வந்தது. ஸ்டேஷனைக் கல்லாங்காட்டுக்கு எதிரே கட்டினார்கள். பஸ்ஸெல்லாம் அதன் வாசலுக்குத் திரும்பின. அவள் கல்லாங்காட்டைச் சமப்படுத்தி வண்டி ஸ்டாண்ட் போட்டாள். மருந்துக்கடை, பேங்க், தையற்கடை என்று ஒவ்வொன்றாய்ப் பின்னாலேயே வந்தன. பழைய ரோட்டில் அண்ணன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் ஈயும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

“அன்னிக்கு ரோட்டு மேல வீடு வேணும்னு அழுதியே. இந்தா, அதையேதான் தர்றேன். கடையும் சேத்து.”

“அந்த ரோட்டுல இப்ப நாய்கூடப் படுக்கறதில்லண்ணே. அங்க யாரு வண்டி விடுவா?”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ரயிலை நானா விட்டேன்?”

“கல்லைப் பொறுக்கினது நான்.”

“இடம் என் பேர்ல. போலீசோட வந்தே எறக்கிவிடலாம். கூடப் பொறந்தவளாச்சே, நாளைக்குப் பேச்சு வரக் கூடாதேன்னுதான் இந்தத் தாளு.”

அவன் சொன்னதில் பொய் இல்லை.

பத்திரக்காரர் படித்தார். “...மனப்பூர்வமாகச் சம்மதித்து, இடத்தைக் காலி செய்து...”

“அந்த மனப்பூர்வம் எங்க இருக்கு?”

அவர் விரலால் காட்டினார். அவள் பேனாவை வாங்கி அந்த வார்த்தையை அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

“மத்ததெல்லாம் நெசம். இது இல்ல.”

“அடிச்ச தாள் செல்லாதும்மா.”

பையிலிருந்து இன்னொரு முத்திரைத்தாளை எடுத்து முதலிலிருந்து எழுதினார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். எழுதி முடித்ததும் அவள் அதே வார்த்தையை மறுபடி அடித்தாள். மறுபடி கையெழுத்தும் போட்டாள்.

“அவ கையப் புடிங்களேன்!” என்று கத்தினாள் அண்ணி.

பத்திரக்காரர் பையை மூடினார். “ரெண்டு தாள்தான் கொண்டாந்தேன். இனிமே நாளைக்குத்தான்.”

“நாளைக்கு மட்டும் என்ன கிழிச்சிருவே?” என்றான் அண்ணன் அவளிடம்.

அதற்குள் ரயில் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து உள்ளே வந்தார்கள். முதலில் வந்தவன் டோக்கனை நீட்டினான்.

“ஸ்டாண்டை எடுக்கப் போறாங்களாமேக்கா? நாளைக்கு வண்டிய எங்க விடறது?”

“நாளைக்கு இங்கயே விடுப்பா.”

“நாளன்னிக்கு?”

அவள் அடுத்தவனின் டோக்கனுக்குக் கை நீட்டினாள்.